முப்பது நோன்புக்கு அளந்த அரிசி

கயிறு அளப்பதில் அப்துல் ரவூப் நானாவை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. பர்மாவில் க்யிம்யிண்டைங் படகுத் துறைக்கு எதிரே அவருடைய கயிற்றுக்கடை. இரண்டு கையையும் விரித்து நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து ஒரு பாகம், இரண்டு பாகம் என்று அளந்து, கடைசியில் ஒரு சாண் கூட விட்டுத்தான் வெட்டுவார். த்வாண்டேயிலிருந்து பானை ஏற்றி வரும் படகுக்காரர்கள் அந்த ஒரு சாணுக்காகவே நாலு கடை தாண்டி அவரிடம் வருவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டில் மட்டும் ஒன்றரை வருஷமாக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார். ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று அதை அறுத்தெடுத்த பிறகு சிறுநீர் சொட்டுவது நின்றுவிட்டது என்பதுதான் அந்தப் பொய். நிற்கவில்லை. தும்மினால் கசிந்தது. கயிற்றுச் சுருளைக் காலால் நகர்த்தினாலும் கசிந்தது. கடையின் பின்பக்கம் மடித்த பழந்துணிகள் ஒரு பை நிறைய இருந்தன. பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுதவர், கடைசி வரிசையில் கதவோரமாகப் போய் நின்றார். கேட்டால் அங்கேதான் காற்று வருகிறது என்பார். நம் ஆம்பிளைகள் வயிற்றைக் கிழித்துத் தைத்ததை ஊருக்கெல்லாம் காட்டுவார்கள், ஒரு துணி மாற்றுவதைக் கட்டியவளிடம் சொல்ல மாட்டார்கள். என்ன ஜென்மமோ.

ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்கிற அந்த எண் ஒன்றுமே இல்லை என்றுதான் ஒரு வருஷம் வந்தது. 2006 பிறந்ததும் புள்ளி ஒன்று. மழை பிடித்தபோது புள்ளி இரண்டு. செப்டம்பரில் புள்ளி நான்கு.

டாக்டர் டோ நூ யீ கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ரவூப் நானாவும் மனைவி லத்தீபாவும் மகன் மாஹிரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பர்மியத்தில்தான் பேச்சு.

“சுரப்பியை எடுத்தாச்சு, இது பூஜ்யமா இருக்கணும். ஏறுதுன்னா எங்கேயோ கண்ணுக்குத் தெரியாம கொஞ்சம் மிச்சம் இருக்குன்னு சந்தேகப்படணும். இப்ப மூணு வழி இருக்கு. மூணு மாசம் பொறுத்து மறுபடி பார்க்கலாம். இல்லைன்னா அறுத்த இடத்துல கதிர் கொடுக்கலாம், வாரத்துக்கு அஞ்சு நாள், ஏழு வாரம். மூணாவது, ஆண் சுரப்பை அடக்குறது. அதுக்கு ஊசி இருக்கு, இல்லைன்னா சின்ன ஆபரேஷன்ல விதையை எடுத்துடலாம். அது நோயை அடக்கி வைக்கும், முடிச்சு வைக்காது. அதை நான் பின்னால கையில வச்சுக்கிறேன்.”

“நீங்க எதைச் சொல்றீங்க சயாமா?” என்று லத்தீபா கேட்டாள். பெண் டாக்டரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது.

“கதிர். எண் சின்னதா இருக்கும்போது கொடுத்தா பலன் அதிகம். எல்லாருக்கும் கேட்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நல்ல வாய்ப்பு இருக்கு. சிறுநீர்ல கொஞ்சம் தொந்தரவு கூடலாம், வயிறு இளகலாம்.”

ரவூப் நானா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நோன்பு வருதே சயாமா.”

டாக்டர் யோசித்தார். கதிர் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஐந்து தம்ளர் தண்ணீர் குடித்து அடக்கிவைக்க வேண்டும், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் அதுவும் குடலும் கதிருக்கு விலகி நிற்கும் என்றார். அந்த ஏழு வாரமும் நோன்பு கூடாது. மிஷினில் அவருடைய முறை நோன்பு மூன்றில் வருகிறது. விட்டால் வருஷக் கடைசிக்கு மேல்தான்.

வீட்டுக்கு வரும்போது நல்ல மழை. லத்தீபா புளிச்சக்கீரையில் இறால் போட்டு வதக்கினாள். காய்ந்த இறால் வறுவலான பலாச்சாங் பாட்டிலைத் திறந்து வைத்தாள். அதைக் கண்டால் இரண்டாவது தட்டுச் சோறு கேட்கிறவர் அன்றைக்குக் கீரையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

மாஹிருக்கு வயசு இருபத்தெட்டு, டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறான். தமிழ் புரியும், வாயைத் திறந்தால் பாதி பர்மியம்.

“வாப்பா, அந்தச் சின்ன ஆபரேஷன் செஞ்சிருவோம். அரை மணி நேரம்தான். நோன்பும் போவாது. கிச்ச மஷிபூ.”

“ஒனக்குக் கிச்ச மஷிபூ. ஒரு பிரச்சினையும் இல்லதான். அறுக்கப் போறது ஒன்னோடதா?”

லத்தீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள்தான் முதலில் நிதானத்துக்கு வந்தாள்.

“டாக்டரம்மா அத வேணாண்டுதானே சொன்னாஹ. கரண்டு வைக்கிறதுதான் நல்லதுண்டு சொன்னாஹ. அதச் செய்வோம்.”

“நோன்பு முடியட்டும் பாப்போம்.”

“முறை போயிருமே.”

“போனா போவுது. வருஷத்துல அந்த ஒரு மாசந்தான் புள்ள மனுஷனா இரிக்கேன்.”

இது சும்மா பேச்சில்லை. இருபது வருஷமாக நோன்பு மாசத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது ரவூப் நானாதான். மத்தியான லுஹர் தொழுததும் கடையைப் பாதி சாத்திவிட்டுப் போவார். ஆள் உயரத் துடுப்பால் தேக்சா என்கிற அண்டாவைக் கிண்டுவார். நோன்போடு இருப்பதால் உப்பை நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிட்டுப் பக்குவம் சொல்வார். அந்தத் தெருவே தூக்குச்சட்டியோடு வந்து நிற்கும். துடுப்பை வேறொருவன் கையில் கொடுப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பள்ளிவாசல் ஹஸ்ரத் அப்துல் சமதுவிடம் போனார். ஹஸ்ரத் கேட்டுக்கொண்டார்.

“இதுக்கு மார்க்கத்துல லேசாத்தான் சொல்லியிரிக்கு நானா. சீக்காளி நோன்ப விடலாம். சொகமாவும்ண்டு நம்பிக்கை இரிந்தா பின்னால களா, அதாவது விட்ட நோன்ப எண்ணித் திரும்பப் புடிக்கணும். சொகமாவவே ஆவாதுண்டு வைத்தியரே சொல்லிட்டாஹண்டா ஃபித்யா, நோன்பு ஒண்ணுக்கு ஒரு ஏழைக்கி அரிசி அளந்து கொடுக்கணும். ஒங்களுக்கு எதுண்டு டாக்டர்ட்ட கேளுங்க.”

மனுஷன் முதல் பாதியைப் பள்ளிவாசலிலேயே விட்டுவிட்டு, இரண்டாம் பாதியை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“லத்தீபா, ஃபித்யாவுக்கு அரிசி அளந்து வையி. நாளுக்கு மூணு பால்டின். முப்பது நாளக்கி.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

லத்தீபா அப்போது மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மணையை மடக்கினாள். கையைக் கழுவவில்லை.

“அது சொகமாவாதவங்களுக்கு அளக்கிற அரிசி. ஒங்களுக்கு அளக்க இந்தக் கையால ஆவாது.”

“ஹஸ்ரத்து சொன்னாஹ.”

“ஹஸ்ரத்து சொன்னா அவஹளே வந்து அளக்கட்டும்.”

பாருங்கள், முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். ரவூப் நானா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடைக்குப் போய், த்வாண்டே ஜாடி ஒன்றைத் துடைத்து, தானே அரிசி வாங்கித் தொண்ணூறு டின் அளந்து கொட்டினார். வாயைத் துணியால் கட்டிக் கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். வீட்டுக்கு வந்து, சரி, கரண்டு வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னார். லத்தீபா அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்த முகமாக இருந்தாள்.

ஆனால் அவர் மனசில் ஓடியது வேறு கணக்கு. அரிசியை அளந்து வைத்த பிறகும் நோன்பை விட அவருக்கு மனசு வரவில்லை. தண்ணீர் குடிப்பது எதற்கு, பை நிறைவதற்குத்தானே. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பதினொரு மணி வரைக்கும் அடக்கினால் பை நிறைந்துதான் இருக்கும். நோன்பும் போகாது, கரண்டும் போகாது. நல்ல யோசனைதான், நிற்காமல் கசிகிற ஆளுக்கு. வீட்டில் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டார் போல.

மூன்றாம் நோன்பன்று பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஸஹரில் துணைக்குத்தான் சாப்பிட்டேன், தண்ணீரைக் கடையிலேயே குடித்துவிட்டேன் என்று லத்தீபாவிடம் சொல்லியிருந்தார். பக்கத்தில் செல்லையா என்று ஒருவர், அலோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர். அவருக்கும் அதே நோய், அதே சிகிச்சை, மூன்றாவது வாரம் நடக்கிறது. மடியில் பெரிய தண்ணீர் பாட்டில்.

“பயப்படாதீங்க பாய். வலியே கிடையாது. மிஷின் தலைக்கு மேல வண்டு மாதிரி ர்ருங்கும். அவ்வளவுதான். இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கம் பாருங்க, அதுதான் பெரிய வைத்தியம்.” லத்தீபா நோன்பு என்று தெரிந்ததும் அவர் எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்று குடித்தார்.

ரவூப் நானாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மா தீடா என்ற பெண், மேஜையில் படுக்கவைத்து அடிவயிற்றில் ஒரு கருவியை உருட்டிப் பார்த்தாள்.

“ஊ ரவூப், தண்ணி குடிச்சீங்களா?” பெரியவர்களை அங்கே ‘ஊ’ போட்டுத்தான் கூப்பிடுவது.

“குடிச்சேன்.”

“எப்ப?”

ஸஹரில் என்று சொல்ல வாய் வரவில்லை.

“பை காலியா இருக்கு. இப்படிக் கொடுத்தா குடலும் பையும் வெந்துரும், நான் கொடுக்க மாட்டேன். போய்க் குடிச்சிட்டு ஒரு மணிக்குள்ள வாங்க. வரலைன்னா இன்னிக்கு இல்லை. ரெண்டு நாள் வரலைன்னா முறையை அடுத்தவங்களுக்குக் கொடுத்துருவாங்க.” அவள் கோபப்படவில்லை. கீழே விரித்திருந்த துணி ஈரமாகியிருந்ததைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு புதுத் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் லத்தீபாவுக்கு விளங்கிவிட்டது. தாழ்வாரத்துக் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

“நோன்பு வச்சிரிக்கீஹளா?”

அவர் தலையாட்டினார்.

“ஏன் இப்படிச் செஞ்சீஹ?”

ரவூப் நானா முற்றத்து மழையைப் பார்த்தபடி சொன்னார். “அடுத்த நோன்புக்கு நா இரிப்பேனோ மாட்டேனோ. இதுதான் கடைசி நோன்புண்டா, இதையும் விட்டுட்டுப் போவவா? பயமா இரிக்குது லத்தீபா. நாளக்கி அல்லாட்ட என்னத்தச் சொல்லுவேன்?”

ஒன்றரை வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. லத்தீபா அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் நாலு பேர் பார்ப்பார்களே என்று அவள் யோசிக்கவில்லை.

“நா ஒண்ணு கேக்குறேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து வருஷா வருஷம் நோன்பு மாசத்துல நா ஆறு நாளு ஏழு நாளு தண்ணி குடிச்சேனா இல்லையா?”

“அது ஒனக்குத் தொழுகை இல்லாத நாளு.”

“அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டு, ஒங்க உம்மாவுக்குத் தெரியாம, சத்தம் கேக்காம ஒரு வாய் கஞ்சி குடிப்பேன். நீங்க எல்லாரும் நோன்பாளி, நா மட்டும் திருட்டுப் பூன. அப்ப நா கொறஞ்சி போனேனா? அரிசியா அளந்தேன்? குளிர் வந்ததும் எண்ணி எண்ணி களா புடிச்சேன். இந்த ஊர்ல உள்ள பொம்பள அத்தன பேரும் அப்படித்தான். ஒங்களுக்கு வாழ்க்கையில முத வாட்டி நோன்ப விடச் சொல்றாஹ, ஒலகமே இடிஞ்சி போச்சி.”

ரவூப் நானா அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவர் கேட்டதே இல்லை.

“மாஹிர் பொறந்த வருஷம் புள்ளக்கிப் பால் பத்தாதுண்டு நோன்ப விட்டேன். அதுல பதினொண்ணு இன்னும் புடிக்கல. சீக்கு வந்திச்சு, கட வேல வந்திச்சு, தள்ளிப் போயிருச்சு. இருவத்தெட்டு வருஷமா மனசுல வச்சிரிக்கேன். ஏன் வச்சிரிக்கேன்? புடிப்பேன், அதுவரைக்கும் இரிப்பேண்டு நம்பித்தான். நீங்களும் வச்சிக்கிங்க. குளிர் வரட்டும், ரெண்டு பேருமாப் புடிப்போம்.”

“தண்ணியக் குடிச்சா…” அவர் குரலைத் தாழ்த்தினார். “அடக்க முடியாது புள்ள. இன்னம் நிக்கல அது.”

“தெரியும். ஒங்க கைலியெல்லாம் யாரு தொவைக்கிறா? நீங்களா சொல்லட்டும்ண்டு இரிந்தேன்.” பையிலிருந்து ஒரு பாட்டிலையும், வெள்ளைத் துணியில் அவளே தைத்த கெட்டியான பட்டைகள் நாலையும் எடுத்தாள். எத்தனை நாளுக்கு முன்னால் தைத்து வைத்தாளோ. “இதக் கட்டிக்கிங்க. ஒழுகுனது போவ மிச்சம் நிக்குற அளவுக்குக் குடிங்க. அஞ்சு பத்தலண்டா ஏழு.”

தூணுக்குப் பின்னாலிருந்து செல்லையாவின் குரல் வந்தது. “பாய், இங்க வாங்க. இங்க மறவா இருக்கு. தனியாக் குடிச்சா எனக்கே ஒரு மாதிரியா இருக்கு.”

அவர் அந்தத் தூணடிக்குப் போனார். பிஸ்மி சொன்னார். ரமலான் பகலில் அறுபத்து மூன்று வயசுக்காரர் முதல் தம்ளரைக் குடிக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடியில் இறங்கியது. செல்லையா அதைப் பார்க்காதவர் மாதிரி, “ஒண்ணு,” என்றார். “ரெண்டு.” ஏழு வரைக்கும் எண்ணிவிட்டு, “வெண்டைச் செடிக்குத் தண்ணி ஊத்துன மாதிரி இருக்கீங்க பாய், நாளைக்குக் காய்க்கும்,” என்றார். ரவூப் நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்க வைக்காதீங்கண்ணே, ஒழுவிரும்,” என்றார். அதைச் சத்தமாகவே சொன்னார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மா தீடா மறுபடி உருட்டிப் பார்த்து, “யாடே,” என்றாள். சரியாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மிஷின் வண்டு மாதிரித்தான் சுற்றியது.

அப்படியே ஏழு வாரம். மூன்றாவது வாரத்திலிருந்து வயிறு இளகியது, கஞ்சியும் வாழைப்பழமுமாகக் கழிந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். ஆனாலும் சாயங்காலம் பள்ளிவாசலுக்குப் போனார். முதல் நாள், நோன்பில்லாதவன் துடுப்பைப் பிடிக்கலாமா என்று தயங்கினார். “நானா, கஞ்சிக்கு ஒங்க கைதான் வேணும், வயிறு இல்ல,” என்று ஹஸ்ரத் துடுப்பை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்குத்தான் அவர் இருபது வருஷத்தில் முதல் முறையாகக் கஞ்சியை ஒரு கரண்டி அள்ளி விழுங்கி ருசி பார்த்தார். உப்பு பற்றவில்லை. இத்தனை வருஷமும் பற்றியிருக்காது, நோன்பு திறக்கிற பசியில் அவருக்கே தெரியவில்லை. ஜமாஅத்தில் ஒருத்தன் வாயைத் திறந்து சொன்னானா? ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினார். இந்த வருஷக் கஞ்சி அபாரம் என்று தூக்குச்சட்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

தீபாவளிக்குச் செல்லையா வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. மூன்று நாள் கழித்துப் பெருநாளைக்கு இங்கிருந்து பிரியாணி போனது. நவம்பர் நடுவில் கடைசிக் கதிர் முடிந்தது. இனி மூன்று மாதத்தில் ரத்தம் பார்ப்போம் என்றார் டாக்டர். ஜனவரிக் கடைசியில் உடம்பு தேறிவிட்டது. நோன்பு வைக்கலாமா என்று கேட்டார்கள். டாக்டர் சரி என்றார்.

குளிர் காலத்துப் பகல் குட்டை. இரண்டு பேரும் சேர்ந்து பிடிக்க ஆரம்பித்தார்கள். அவர் கடையில் கயிறு அளந்தார், இடுப்பில் லத்தீபா தைத்த பட்டை. கசிவு குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. பள்ளிவாசலில் இன்னும் கதவோரம்தான். யாராவது கேட்டால் காற்று என்று இப்போது சொல்வதில்லை. “ஆபரேஷனுக்கப்புறம் சொட்டுது, அதான்,” என்பார். கேட்டவர்களில் இரண்டு பேர் பிறகு தனியாக வந்து, தங்களுக்கும் ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, எந்த டாக்டரைப் பார்ப்பது என்று கேட்டார்கள்.

பதினொன்றாம் நோன்பன்று மத்தியானம் மாஹிர் ரிசல்ட் கடிதத்தோடு நேரே கடைக்கு வந்தான். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

“வாப்பா, புள்ளி ஒண்ணு. நாலுலேருந்து ஒண்ணு. எறங்குது.”

“சயாமா என்ன சொன்னாஹ?”

“நல்ல பக்கமாப் போவுதாம். இன்னும் எறங்கும்ண்டு நெனைக்கிறாங்களாம். முடிஞ்சி போச்சுண்டு இப்பவே சொல்ல மாட்டாங்களாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்.” சொல்லி முடிப்பதற்குள் அவன் அழுதுவிட்டான். கயிற்றுத் தூசி என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

ரவூப் நானா அவன் தோளைத் தட்டினார். பிறகு கயிற்றுச் சுருள்களை ஒவ்வொன்றாக விலக்கச் சொன்னார். பின்னாலிருந்த த்வாண்டே ஜாடியைக் காட்டினார்.

“இத வீட்டுக்குத் தூக்கிட்டு வா. கனமா இரிக்கும், பாத்து.”

லத்தீபா ரிசல்ட்டைக் கேட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு அல்லாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு ஜாடியின் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே அரிசி. அவளுக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

“அளந்தே வச்சிட்டீஹளா?”

“அப்பவே அளந்தது. ஒனக்குத் தெரியாம. ஏழைக்கிக் கொடுத்துரலாம்.”

“கொடுக்கத்தான் வேணும். நாளக்கித் தேக்சாவுல போட்டுக் கஞ்சியாவே காச்சிக் கொடுங்க, தூக்குச்சட்டியோட வாறவங்களுக்கு. ஃபித்யாவா இல்ல, சொகமானதுக்கு.” ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பரப்பினாள். “வண்டு விழுந்திரிக்குது.”

“கெட்டுப் போச்சா?”

“பொடைச்சாப் போச்சு.” முறத்தை எடுத்தாள். ஜாடியிலிருந்து இன்றைக்கு வீட்டுக்கு மூன்று டின் அளந்தாள், அவளே, அந்தக் கையால். ஜன்னலோரம் உட்கார்ந்து புடைத்தாள். உமியும் வண்டும் முற்றத்தில் பறந்தன. இஞ்சி, வெந்தயம், தேங்காய்ப்பால் போட்டுக் கஞ்சி கொதித்தது.

அந்தியில் மஃரிப் பாங்கு சொன்னதும் இரண்டு பேரும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தார்கள். ரவூப் நானா ஒரு வாய் குடித்து, “உப்பு சரியா இரிக்கு,” என்றார்.

“எனக்குப் பதினொண்ணும் முடிஞ்சிது,” என்றாள் லத்தீபா. சொல்லும்போதே முகம் லேசாகிவிட்டது. “இருவத்தெட்டு வருஷம்.”

“எனக்கு இன்னம் பதினேழு இரிக்கே.”

“புடிங்க. யாரு ஒங்கள அவசரப்படுத்துறா?” என்று சொல்லி அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.